ஈப்போ ரயிலடிக்கு வந்த நடுகல்

ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் போர் நினைவுத் தூணைத் தெரியாதவர்கள் இல்லை. முதல் உலகப் போரில் மாண்ட பேராக் ஆட்களுக்காக வெள்ளைக்காரர்கள் எழுப்பியது என்பதும் பலருக்குத் தெரியும். அதன் பூர்வீகத்தைத் தேடினால் லண்டனில் போய் நிற்போம். ஆனால் அதைவிடப் பழைய பங்காளி ஒருவர் நம் பக்கமே இருக்கிறார்.

போரில் பட்ட வீரனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் ஆறு படியாகச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடுவதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்துவது வரை. அரசர்களுக்கு மட்டும் அல்ல, ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்ட ஊர்ப் பையனுக்கும்தான். தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்கள் கிறிஸ்துவுக்கும் முந்தியவை. செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல் இன்னும் சுவாரசியம். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் கருந்தேவகத்தி என்பவனோடு அவனுடைய நாயும் கள்வரை எதிர்த்ததாம். நாயையும் செதுக்கி, 'கோவிவன்' என்று அதன் பெயரையும் வெட்டிவைத்தார்கள்.

ஐரோப்பாவிலோ வெகுகாலம் தளபதிக்குச் சிலை, சிப்பாய்க்குப் பொதுக்குழி. அதை மாற்றியவர், வயதாகிவிட்டதென்று பட்டாளத்தில் சேர்த்துக்கொள்ளாத ஒருவர். ஃபேபியன் வேர் என்ற அவர் 1914-இல் செஞ்சிலுவை வண்டிகளோடு பிரான்சுக்குப் போய், அங்கே கல்லறைகளைக் குறித்துவைக்கத் தொடங்கினார். அந்த வேலையே 1917-இல் போர்க் கல்லறை ஆணையமாயிற்று. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்பது அதன் விதி.

1919-இல் பாரிஸ் வெற்றி ஊர்வலத்தில் இறந்தவர்களுக்கென்று ஒரு மேடை என்று கேள்விப்பட்டதும், பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் நமக்கும் ஒன்று வேண்டுமென்றார். புதுடெல்லியை வரைந்த எட்வின் லட்யன்ஸ்தான், லண்டன் வைட்ஹாலில் மரத்தாலும் சாந்தாலும் உடலில்லாத கல்லறை ஒன்றை நிறுத்தினார். ஊர்வலம் முடிந்ததும் பிரித்துவிடுவதாக ஏற்பாடு. ஜனங்கள் விட்டால்தானே! பூவாகக் கொண்டுவந்து குவித்தார்கள். 1920 நவம்பர் 11-இல் அதுவே நிரந்தரக் கல்லாகத் திறக்கப்பட்டது. அன்றைக்கே பெயர் தெரியாத சிப்பாய் ஒருவனை அரசர்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். இரண்டு யோசனையும் சாம்ராஜ்யம் முழுக்க நகலெடுக்கப்பட்டன. ஈப்போத் தூணும் அந்த வம்சம்தான். எதிரே இருக்கும் ரயில் நிலையத்தை வரைந்த ஹப்பக்கும் அந்தப் போரில் படை நடத்தியவர்.

அடுத்த போர் பேராக்குக்கே வந்துவிட்டது. 1941 கடைசியில் ஜப்பானியரோடு கம்பாரில் சண்டை. 1942 ஜனவரி 7-இல் சிலிம் ரிவர். தைப்பிங் போர்க் கல்லறையில் 850-க்கும் அதிகமானோர் கிடக்கிறார்கள். அவர்களில் 500-க்கு மேற்பட்டோர் யாரென்றே தெரியாது. கற்களின் உச்சி வளைந்திருக்கும், மழைநீர் வழிந்தோட. தைப்பிங் மழைக்கு அது தேவைதான்.

வேடிக்கையான நகல் சிங்கப்பூரில் எழுந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞர்கள் திரளாகச் சேர்ந்த இந்திய தேசிய ராணுவம், தன் 'பெயர் தெரியாத வீரனுக்கு' 1945 ஜூலையில் எஸ்பிளனேட் கடலோரத்தில் நேதாஜி கையால் அடிக்கல் நாட்டியது. பிரிட்டிஷாரை எதிர்க்க எழுந்த படை, பிரிட்டிஷாரின் யோசனையையே எடுத்துக்கொண்டது! செப்டம்பரில் திரும்பிவந்த பிரிட்டிஷார் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1995-இல்தான் அந்த இடத்தில் ஓர் அடையாளச் சின்னம் வைத்தார்கள்.

சுதந்திர மலாயா அமெரிக்கா பக்கம் திரும்பியது. 1960-இல் அங்கே போன துங்கு அப்துல் ரஹ்மான், ஆர்லிங்டனில் மரைன் படை வீரர் சிலையைப் பார்த்துவிட்டு, அதைச் செய்த ஃபீலிக்ஸ் டி வெல்டனையே பிடித்தார். கோலாலம்பூர் தேசிய நினைவுச்சின்னம் 1966-இல் திறக்கப்பட்டது.

இத்தனை கல்லிலும் இடம் கிடைக்காதவர்கள் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போன தோட்டத்துத் தமிழர்கள். அந்தப் பாதை போட்டுச் செத்த நேசநாட்டுக் கைதிகளில் ஏறக்குறைய 7,000 பேர் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசையான கற்களுக்கடியில் உறங்குகிறார்கள். பல்லாயிரம் தமிழர்களுக்கு, கோவிவனுக்குக் கிடைத்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. துப்பாக்கி பிடிக்காதவனும் போரில் செத்தவன்தான் என்பது என் கட்சி. 2023-இல் மலேசிய ஆர்வலர்கள் முயன்று அதே காஞ்சனபுரியில், ஒரு புத்த கோயில் வளாகத்தில், அவர்களுக்காக ஒரு கல் நட்டார்கள். அதற்கு வைத்த பெயர் 'நடுகல்'.

உங்கள் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் யாராவது இருந்தால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதிவையுங்கள்.