ஜீரணக் குழாய்: இரத்த ஓட்டமும் நரம்பமைப்பும்

ஜீரணக் குழாய்க்குப் பிராணவாயுவை ஊட்டி, அதன் சலனத்தையும் சுரப்பையும் ஆளும் இரத்த நாளங்கள், நரம்புகள் ஆகியவற்றின் தொகுதி. வயிற்றறையில் பெருந்தமனியின் மூன்று கிளைகளுள் முதலாவது இரைப்பைக்கும் முன்சிறுகுடலின் மேற்பகுதிக்கும், இரண்டாவது எஞ்சிய சிறுகுடலுக்கும் குறுக்குப் பெருங்குடலின் மூன்றில் இரு பங்குவரைக்கும், மூன்றாவது அதற்கப்பால் மலக்குடலின் மேற்பகுதிவரைக்கும் இரத்தம் அளிக்க, அவ்விரத்தம் போர்ட்டல் சிரை வழியே கல்லீரலை அடைகிறது.

வேகஸ் நரம்பும், கடைப் பெருங்குடலில் இடுப்பு நரம்புகளும் ஜீரணத்தைத் தூண்ட, பரிவு நரம்புகள் அதனை அடக்கி நாளங்களைச் சுருக்குகின்றன; மைஸ்னர் (1857), ஆவர்பாக் ஆகியோர் விவரித்த குடற்சுவரின் நரம்புப் பின்னல்கள் மூளையின் ஏவலின்றியும் இயங்க வல்லவை.

சிவகாசி வட்டாரப் பட்டாசு விபத்துகளில் நேர்வது போன்ற கடுந்தீக்காயத்தில், மூளையையும் இருதயத்தையும் காக்கும்பொருட்டுக் குடல் நாளங்கள் சுருங்குவதால் சளிச்சவ்வு நலிந்து, 1842இல் கர்லிங் விவரித்த முன்சிறுகுடற்புண் தோன்றக்கூடுமாதலின், இழந்த திரவத்தை ஈடுசெய்வதும், குழாய்வழி உணவையும் அமிலத் தணிப்பு மருந்தையும் காலந்தாழ்த்தாது தொடங்குவதும் சிகிச்சையில் இன்றியமையாதன.