சைகோனில் பால் விற்ற தமிழர்

வில்லியனூர், பாகூர் முதியோர் பலர் சைகோன் என்னும் பெயரை நன்கறிவர். வியட்நாமிலுள்ள அந்நகரைப் பிரெஞ்சுக்காரர் 1859இல் கைப்பற்றினர். அன்று நம் புதுச்சேரியும் அவர்தம் ஆட்சியிலேயே இருந்தது. ஆதலின் இங்குப் படித்தவர் அங்கு அரசுப் பணிக்குச் சென்றனர். அவர்களைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். பால் விற்ற தமிழரையோ, ஏனோ, மறந்துவிட்டோம்.

வியட்நாமிய உழவர் எருமையை ஏரில் பூட்டினரேயன்றிப் பாலுண்ணும் வழக்கமுடையவரல்லர். பிரெஞ்சுக் குடும்பங்களுக்கோ பாலின்றி நாள் விடியாது. மாடு பேணக் கற்றிருந்த தமிழர் அந்நியமண்ணில் தொழுவம் அமைத்தனர். கறந்து, வீடுவீடாகக் கொண்டுபோய் விற்றனர். பட்டமோ பரிந்துரையோ வேண்டாத பிழைப்பு; ஆனால் கறவை வற்றினால் அடுப்பும் அணையும்!

பிரெஞ்சு ஆட்சி 1954இல் முடிந்தது; பால் வாங்கிய குடும்பங்களும் கப்பலேறின. வியட்நாமியரோ இன்றும் காப்பியில் கலப்பது பெரும்பாலும் டப்பாவில் வரும் இனிப்புப் பாலையே.