'ஃபுட்' எப்படி 'ஃபீட்' ஆனது?



புதிதாக ஒரு மொழியைக் கற்பனையில் உருவாக்குவது உலகில் சிலருக்குப் பொழுதுபோக்கு. ஆங்கிலம், ஜேர்மன், டச்சு ஆகிய சகோதர மொழிகளுக்கு இன்னுமொரு தங்கை இருந்திருந்தால் எப்படிப் பேசியிருப்பாள் என்று யோசித்து, பழைய ஜேர்மானியச் சொற்களின் உயிர் ஒலிகளை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். விளையாட்டுத்தான். ஆனால் நமது பிள்ளைகளின் ஆங்கிலப் பாடத்துக்கு உதவும் ஒரு வரலாறு அதற்குள் இருக்கிறது.

அப்படி மொழி செய்பவர் நினைத்த இடத்தில் நினைத்த ஒலியை மாற்ற முடியாது. எந்த ஒலி மாறுகிறது? பக்கத்தில் எது இருந்தால் மாறுகிறது? எந்த மாற்றம் முந்தியது, எது பிந்தியது? இம்மூன்றுக்கும் விடை வேண்டும். ஏனென்றால் உண்மையான மொழிகள் அப்படித்தான் மாறியிருக்கின்றன.

ஆங்கிலத்தில் பாதத்துக்கு 'ஃபுட்', பன்மை 'ஃபீட்'. ஆங்கிலத்தின் முன்னோர் பேச்சில் ஒருமை 'ஃபோட்', பன்மை ஏறத்தாழ 'ஃபோட்டி'. பின்னால் வரும் 'இ'யைச் சொல்லத் தயாரான நாக்கு, 'ஓ'வைச் சொல்லும்போதே முன்னுக்கு நகர்ந்தது. அந்த 'ஓ' மெல்ல மெல்ல 'ஏ' ஆனது. கடைசி 'இ' உதிர்ந்து போனது. மிஞ்சியது 'ஃபேட்'. நாக்கு முன்னுக்கு நகரத் தொடங்கியது ஏறக்குறைய 5ஆம், 7ஆம் நூற்றாண்டுகளுக்கு இடையில். 'மௌஸ் - மைஸ்', 'கூஸ் - கீஸ்' என்பவற்றின் கதையும் இதுதான்.

இங்கே வரிசைதான் முக்கியம். நாக்கு நகர முன்னரே 'இ' உதிர்ந்திருந்தால் ஒருமையும் பன்மையும் ஒரே சொல்லாகியிருக்கும்.

15ஆம் நூற்றாண்டளவில் ஆங்கில நெடில்கள் மறுபடி இடம்மாறத் தொடங்கின. 'ஃபேட்' 'ஃபீட்' ஆனது. 'ஃபோட்' 'ஃபூட்' ஆகி, பின்னர் குறுகி 'ஃபுட்' ஆனது. எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. 'ஃபுட்' என்று வாசிக்கும் சொல்லில் இரண்டு 'ஓ' எழுத்தும், 'ஃபீட்' என்று வாசிக்கும் சொல்லில் இரண்டு 'ஈ' எழுத்தும் இருப்பது அதனால்தான்.

எல்லாச் சொல்லும் பழைய வடிவத்தைக் காக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் புத்தகம் 'போக்', பன்மை 'பேச்'. பின்வந்த மக்கள் அதை விட்டுவிட்டு, மற்றச் சொற்களைப் போல 'ஸ்' சேர்த்து 'புக்ஸ்' என்றார்கள். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா பைபிளை மொழிபெயர்த்த கோதிக் மொழியிலோ இந்த 'இ'யின் வேலையே தெரியவில்லை. ஒரே தாயின் பிள்ளைகள், பாதைகள் வேறு.

நமது தமிழிலும் இப்படி ஒன்று நடக்கிறது. எழுதுவது 'இலை', 'உடம்பு'. பேச்சில் பலர் சொல்வது 'எலை', 'ஒடம்பு'. பின்னால் வரும் 'அ', 'ஐ' ஒலிகள் முன்னால் உள்ள 'இ'யையும் 'உ'வையும் இழுக்கின்றன. 'கிளி'யை யாரும் 'கெளி' என்பதில்லை, 'புலி'யை 'பொலி' என்பதில்லை. அங்கே பின்னால் வருவது 'இ'. படிக்காதவரின் நாக்கும் இந்த விதியைத் தவறாமல் காக்கிறது.

ஆகவே 'ஃபீட்' ஏன் என்று பிள்ளை கேட்டால், "அது விதிவிலக்கு, பாடமாக்கு" என்று மட்டும் சொல்லி வாயை அடைக்காமல் இருப்போம். காரணத்தையும் சொல்லிக் கொடுப்போம். பரீட்சைத் தாளில் 'இலை' என்றே எழுதப் பழக்குவோம். ஆனால் வீட்டில் 'எலை' என்று பேசும் பிள்ளையை, அதைக் கற்றுக்கொடுத்த உம்மம்மாவை, மொழியைக் கெடுத்தவர்கள் என்று நாம் ஏசக் கூடாது. அந்தப் பேச்சுக்கும் ஒழுங்கு உண்டு, வரலாறு உண்டு.