தென்காசி, குற்றால வட்டாரத்தில் வீட்டுச் சாமான் வைப்பு முறைகள்

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை, கடையநல்லூர் முதலிய மலையடிவார ஊர்களில் தானியம், பலசரக்கு, ஏனம், துணிமணி, பாய், பத்திரம் ஆகிய அன்றாடப் பொருள்களைக் கெடாமலும், தேடி அலையாமல் கைக்கு எட்டும்படியும் வைத்துக்கொள்ளும் வழக்கங்களைப் பற்றியது இக்கட்டுரை. எலியும் பூச்சியும் எறும்பும் எல்லா ஊர் வீட்டுக்கும் பகை. இவ்வட்டாரத்தில் அவற்றோடு சாரலும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டில் மூன்று மாதம் காற்றிலேயே ஈரம் ஊறிக் கிடப்பதால், ஒரு பொருளை எந்த உயரத்தில், எந்தச் சுவரை ஒட்டி, எந்தக் கலத்தில் வைப்பது என்பதை இங்கே ஈரமே தீர்மானித்திருக்கிறது. அழகும் இடவசதியும் அதற்குப் பிறகுதான் வரும்.

காற்றும் ஈரமும்

மேற்குத்தொடர்ச்சி மலையின் மறுபுறம் கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றோடு இந்தப் பக்கமும் கொஞ்சம் சிந்துகிறது. அதுவே சாரல். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில், அதாவது ஏறக்குறைய ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, பெருமழையாக இல்லாமல் பொடித்தூறலும் இளவெயிலும் மாறிமாறி வரும். தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரவாசலில் நிற்பவர்களின் வேட்டியை இழுக்கும் காற்று ஊர் அறிந்தது. அந்தக் காற்றுதான் வீடுகளின் மேற்குச் சுவரில் நாள் முழுவதும் ஈரத்தை அறைகிறது. “ஏட்டி, கொடில கெடக்க துணிய எடு, சாரல் வருது” என்ற குரல் இந்த மாதங்களில் எல்லாத் தெருவிலும் கேட்கும்.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கசியத் தொடங்கும். துணி, தோல், மரம், காகிதம் ஆகியவற்றில் பூசணம் பிடிப்பதும் ஏறத்தாழ அந்த அளவில்தான். ஆகவே உப்பு ஜாடி கசிகிறதா என்று பார்ப்பது ஒரு பழைய, நம்பத்தக்க சோதனை. உப்பு கசிந்தால் பீரோவையும் புத்தக அலமாரியையும் திறந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

பழைய வீட்டின் கட்டமைப்பு

நெல்லைச் சீமையின் ஓட்டு வீடுகள் தெருவிலிருந்து புறவாசல் வரை ஒரே நேர்கோட்டில் நீள்பவை. முகப்பில் தார்சா, அடுத்துக் கூடமான பட்டாசல், அதற்குள் அரங்கு, பின்னால் அடுக்களை, கடைசியில் பாத்திரம் கழுவும் அங்கணமும் புறவாசலும். இந்த வரிசையே ஒரு வைப்பு முறைதான். தார்சாவில் குடை, செருப்பு, மண்வெட்டி போன்று நனைந்து வருபவை நின்றுவிடும். பட்டாசலில் புழங்குபவை இருக்கும். வெளிச்சுவர் படாத, சன்னல் இல்லாத அல்லது ஒரு சிறு சாளரம் மட்டும் உள்ள நடு அறையான அரங்கில் நெல், புளி, பித்தளை ஏனம், நகைப்பெட்டி எல்லாம் அடங்கும். நாற்புறமும் அறைகள் சூழ்ந்திருப்பதால் சாரல் அரங்குச் சுவரைத் தொடுவதில்லை. திருட்டுக்குப் பயந்து கட்டிய அறை என்று அதைச் சொல்வார்கள். ஈரத்துக்குப் பயந்தும் கட்டியதாகவே அதைப் பார்க்க வேண்டும்.

உயரம் அடுத்த ஒழுங்கு. தரையில் எதுவும் நேரடியாக இருக்காது. மரப்பலகை, கல் திண்டு, பானைக்கு அடியில் வைக்கோலால் முறுக்கிய பிரிமணை என்று எல்லாவற்றுக்கும் ஒரு தாங்கல் உண்டு. சுவரில் மாடக்குழி, மரமுளை. மேலே மச்சும் பரணும். அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவினர் சுவர் நெடுக மரமுளைகள் பதித்து நாற்காலியைக்கூட அவற்றில் மாட்டித் தரையைக் காலியாக வைத்திருந்தது உலக வீட்டுக்கலை நூல்களில் பேசப்படுகிறது. அதே காரியத்தை முறமான சொளவும், துடைப்பமும், சுருட்டிய பாயும் மாட்டிய நம் முளைகள் ஆரவாரமின்றிச் செய்துவந்தன.

அடுப்புக்கு நேர் மேலே இருந்த பரணைத் தனியாகச் சொல்ல வேண்டும். விறகுப் புகை நாளெல்லாம் அதன் வழியாக ஏறும். விதைச் சோளக் கதிர், விதையிட்ட சுரைக்குடுவை, கருப்பட்டி ஆகியவை அங்கே இடம்பெற்றன. புகை பூச்சியை விரட்டும், வெக்கை ஈரத்தை உலர்த்தும். கருப்பட்டி ஈரம் பட்டால் கசிந்து இளகிவிடும் பொருள். அதற்கு வீட்டிலேயே மிக உலர்ந்த இடம் அதுதான். பால், தயிர், நெய் உறியில் தொங்கும். பூனைக்கும் எறும்புக்கும் எட்டாது என்பதோடு காற்று நாலு பக்கமும் படும்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் (பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி) நிர்வாகத்தில் இருந்ததால், அந்தப் பக்கத்து வீடுகளில் மலையாளக் கரையின் மரவேலை மிகுதி. கீழ்நாட்டுக் கரிசலில் மண்ணால் செய்த தானியக் குலுக்கை இருந்த இடத்தில் அங்கே மரப் பத்தாயத்தைக் காணலாம்.

கலங்கள்

குலுக்கை களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து உறை உறையாக அடுக்கிக் கட்டப்படும் தானியக் கலம். மேல்வாய் வழியே நெல்லோ கம்போ கொட்டி மூடி மெழுகிவிடுவார்கள். எடுப்பதோ அடியிலுள்ள சிறு துளை வழியே. துணியைப் பந்தாக அடைத்து வைத்திருப்பதை உருவினால் தானியம் தானே சொரியும். இதில் ஒரு கூர்மையான அறிவு இருக்கிறது. முதலில் கொட்டியது முதலில் வெளியே வருகிறது, பழசு அடியில் தங்கி உளுத்துப்போவதில்லை. இன்றைய கிடங்குகள் சரக்கைக் கையாளும் விதியும் இதுவே. எவர்சில்வர் டிரம்மில் பழைய அரிசியின் மேலேயே புது அரிசியைக் கொட்டும் வீடுகளில் வண்டு ஏறுவதற்கு ஒரு காரணம் இந்த விதி மறந்துபோனது. டிரம்மைக் காலி செய்து, துடைத்து, வெயில் காட்டிப் புதுசைக் கொட்டி, பழசை அதன் மேலே போட்டால் பாதித் தொல்லை தீரும்.

பனையோலையும் பனைநாரும் இன்னொரு பெரிய வரவு. கொட்டான், நார்ப்பெட்டி, கடகாப்பெட்டி ஆகியவை கிழக்கே பனங்காட்டு ஊர்களிலிருந்து வரும். அவை மூச்சுவிடும் கலங்கள். வெங்காயம், பூண்டு, உலர்ந்த மிளகாய், வத்தல் ஆகியவை பிளாஸ்டிக் டப்பாவில் வியர்த்துக் கெடுவதும் ஓலைப்பெட்டியில் நிற்பதும் இதனால்தான். புளியின் இயல்பு வேறு. கொட்டையும் நாரும் எடுத்து, உப்புத் தூவி, மண்பானையில் காற்றுப் புகாமல் அமுக்கி வைப்பார்கள். உப்புக்கு மரவையோ பீங்கான் ஜாடியோ வேண்டும். இரும்பும் பித்தளையும் ஆகாது. துவரை, உளுந்து விதைகளைச் செம்மண் கரைசலில் புரட்டிக் காயவைத்துக் கட்டுவதும், அரிசியில் காய்ந்த மிளகாயையும் வசம்புத் துண்டையும் போடுவதும், நொச்சி, வேப்பிலை உலர்த்தி அடுக்குகளுக்கிடையே பரப்புவதும் இன்றும் வழக்கத்தில் உள்ளவை.

கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள் இருக்கும் அஞ்சறைப்பெட்டி தமிழ்நாட்டுக்கே பொது. நாள்தோறும் தொடும் பொருள்கள் எல்லாம் ஒரு மூடிக்குள், ஒரு கையெட்டில் இருக்க வேண்டும் என்ற அதன் தத்துவத்தை மற்ற இடங்களுக்கும் கொண்டுபோகலாம். ஊசி, நூல், பட்டன், கத்தரி ஒரு பெட்டியில். மருந்து, வெந்நீர்ப்பை, தைலம் ஒரு பெட்டியில். பூசைத் திரி, சூடம், தீப்பெட்டி ஒரு பெட்டியில். சாரல் காலத்தில் தீப்பெட்டி நமுத்துப்போகும் ஊரில் மூடி இறுகிய சிறு டப்பா ஒன்று பல காலைப் பொழுதுகளைக் காப்பாற்றும்.

ஆண்டின் ஒழுங்கு

இவ்வட்டாரத்தில் சாமான் ஒழுங்கு நாள் கணக்கில் நடப்பதைவிட மாதக் கணக்கில் நடக்கிறது. மாசி, பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டைமாடியான தட்டட்டி முழுக்க வத்தல், வடகம், மிளகாய், மல்லி, புளி விரிந்து கிடக்கும். ஆண்டுச் சேமிப்பு முழுவதும் உலர்ந்து கலத்துக்குள் போய்விட வேண்டும், சாரலுக்கு முன்பே. நெல்லை நெடுநாள் வைப்பதென்றால் அதன் ஈரம் 12, 13 சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாது. பல்லில் கடித்தால் நறுக்கென உடைகிறதா என்று பார்ப்பது வீட்டுக் கணக்கு.

ஆனி பிறந்தபின் மூடியவற்றைத் திறப்பதில்லை. பெரிய கலத்திலிருந்து ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன டப்பாவுக்கு மாற்றிக்கொண்டு, பெரியதை இறுக மூடிவிடுவார்கள். திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஈரக்காற்று உள்ளே போகிறது என்பதால் இது மிகச் சரியான பழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வேறு வரும். மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது வீட்டிலுள்ள அத்தனையும் வெளியே வரும். வேண்டாதது கழிவதும், ஓட்டை விழுந்த ஏனம் பழைய பாத்திரக்காரருக்குப் போவதும் அப்போதுதான். வேண்டாததைக் கழிப்பதற்கு ஆண்டில் ஒரு நிச்சயமான நாள் இருப்பது பெரிய நன்மை.

கான்கிரீட் வீடுகளில்

ஓட்டு வீடு போய்த் தளம் போட்ட வீடு வந்ததும் அரங்கும் புகைப்பரணும் மறைந்தன. பரணின் இடத்தில் லாப்ட் வந்தது. கேஸ் அடுப்பில் புகை இல்லை, லாப்டோ பெரும்பாலும் வெளிச்சுவரை ஒட்டிய குளிர்ந்த சிமெண்டுப் பலகை. மேற்குச் சுவர் லாப்டில் வைத்த பாயும் தலையணையும் ஆடி முடிவில் பூசணத்தோடு இறங்குவது அதனால்தான். இதற்குச் செலவில்லாத மாற்று உண்டு. மேற்குச் சுவர் லாப்டில் எவர்சில்வர், பித்தளை, பிளாஸ்டிக் போன்று ஈரம் பொறுப்பவற்றை ஏற்றலாம். துணி, புத்தகம், பத்தமடைப் பாய் ஆகியவற்றை உள்சுவருக்கு மாற்றலாம். கோரைப்பாய் மடித்தால் முறியும், சுருட்டி நிறுத்தியோ முளையில் மாட்டியோ வைக்க வேண்டும்.

பீரோவைச் சுவரோடு ஒட்டி வைப்பது இன்னொரு தவறு. நாலு விரற்கடை இடைவெளியும், கால்களுக்கு அடியில் மரக்கட்டையும் இருந்தால் பின்புறம் காற்றோடும். உள்ளே ஒரு மண்சட்டியில் அடுப்புக்கரி வைத்தால் வாடையை இழுக்கும். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் கரியைக் காயவைத்துத் திரும்ப வைக்கலாம். பாச்சை உருண்டை போடும் வீடுகளில் அது குழந்தைகள் கைக்கு எட்டாதிருக்க வேண்டும்.

வீட்டில் மிஞ்சியவற்றைக் கொண்டு செய்யும் ஏற்பாடுகளும் ஏராளம். 15 கிலோ எண்ணெய் டின்னின் மேல்தகட்டை வெட்டி, விளிம்பை மடித்து, மூடி போட்டால் அரிசிக்கு எலி புகாத பெட்டி. ஹார்லிக்ஸ் பாட்டில்கள் பருப்புக்கு. ஆனால் கழுவிய பாட்டிலை ஒரு முழு நாள் வெயிலில் கவிழ்த்த பிறகே நிரப்ப வேண்டும். கிழிந்த பழைய சேலையை அகலப் பட்டையாகத் தைத்து, வரிசையாகப் பைகள் வைத்துக் கதவின் பின்னால் தொங்கவிட்டால் சீப்பு, சாவி, குடை, பிள்ளைகளின் காலுறை எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிடும். 2021 டிசம்பர் 23 அன்று தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்குமுன்பே, கல்யாண வீட்டு மஞ்சப்பைகள் இங்கே ஆணியில் தொங்கிக்கொண்டு ரசீதும் விதையும் வெங்காயமும் சுமந்தன. குளத்தோரக் குரங்குகளும் அருவிக்கரைக் குரங்குகளும் ஊருக்குள் வரும் குற்றாலம், இலஞ்சிப் பக்கம், தின்பண்டம் சன்னலோரம் இருக்கலாகாது. சன்னலுக்கு வலையும், டப்பாவுக்குத் திருகுமூடியும் அங்கே கட்டாயம்.

பீடி வீடுகளும் சீசன் வீடுகளும்

தென்காசி மாவட்டத்தில் ஏராளமான பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். அந்த வீடுகளின் சிக்கல் தனியானது. இலை ஈரமாக இருந்தால்தான் கிழியாமல் சுருளும், அதனால் நனைத்த சாக்கில் பொதிந்து வைக்க வேண்டும். சுற்றி முடித்த பீடியோ உலர்ந்தே இருக்க வேண்டும், நமுத்தால் கழித்துவிடுவார்கள். ஒரே அறையில் ஈரத்தையும் உலர்வையும் பக்கம் பக்கமாகப் பேணுகிறார்கள். இலைச்சாக்கு அங்கணத்தின் பக்கம், கட்டிய பீடி உயரத்தில் மூடிய பெட்டியில், தூள் அடுக்களைக்கும் தொட்டிலுக்கும் எட்டத்தில் என்பதே தக்க ஏற்பாடு. புகையிலைத் தூள் சோற்றிலோ பிள்ளைகள் மூச்சிலோ கலக்கக் கூடாது. சொளவு, கத்தரி, நூல் ஆகியவற்றைத் தனிப்பெட்டியில் அடக்கி, வேலை முடிந்ததும் மூடுவது இவர்களிடம் கற்க வேண்டிய ஒழுங்கு. இந்தப் பெண்களின் இடநெருக்கடியைப் பற்றி வீட்டமைப்பு எழுத்துகள் பெரும்பாலும் கவலைப்பட்டதில்லை.

குற்றாலத்தில் சாரலோடு சுற்றுலா சீசன் தொடங்கியதும் சில குடும்பங்கள் வீட்டின் பெரும்பகுதியை வாடகைக்கு விட்டு, தம் சாமான்களோடு ஓர் அறைக்குள் ஒடுங்கிக்கொள்கின்றன. அடுக்குப்பானை போல ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் சருவங்களும், கட்டிலுக்கடியில் தள்ளும் டிரங்குப் பெட்டிகளும் அங்கே உயிர்நாடி.

துணியும் பத்திரமும்

பட்டுச்சேலையைப் பிளாஸ்டிக் உறையில் வைத்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். மல்துணியில் சுற்றி வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சரிகை மடிப்பில் முறியும். அன்றாடத் துணி சாரலில் உலராது. பட்டாசலுக்குக் குறுக்கே கட்டிய உள்கொடியும், அதன் கீழ் ஓடும் மின்விசிறியும் இப்போதைய வழக்கம். அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து உள்ளே வைத்தால் பீரோ முழுக்க வாடை பரவும்.

பட்டா, பத்திரம், குடும்ப அட்டை, சான்றிதழ் ஆகியவற்றுக்கு ஈரம் ஓர் இடர், வெள்ளம் இன்னோர் இடர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய பெருமழைக்குப் பின் இது எல்லாருக்கும் உறைத்தது. தாள்களை நன்கு உலர்த்தி, உறையிலிட்டு, இறுகிய மூடியுள்ள ஒரே பெட்டியில், தலைக்கு மேலான உயரத்தில், உள்சுவர் ஓரமாக வைக்க வேண்டும். அந்தப் பெட்டி இருக்கும் இடம் வீட்டிலுள்ள எல்லாருக்கும், பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும், தெரிந்திருக்க வேண்டும்.