படிகம்: படிந்ததா, விளைந்ததா?

மயில்துத்தத்தைச் சுடுநீரில் கரையுமட்டும் கரைத்து, ஆறிய கரைசலில் நூலில் கட்டிய சிறு துணுக்கைத் தொங்கவிட்டால், சில நாளில் அது பட்டை தீட்டிய நீலக்கல்லாகப் பெருத்துவிடும். குரோம் படிகாரம் கருஊதாவாகவும் சாதாரணப் படிகாரம் நிறமின்றியும் வரும். பள்ளி ஆய்வகத்தில் இவை எல்லாவற்றுக்கும் படிகம் என்றே பெயர். கரைசலிலிருந்து படிவதால் படிகம் என்ற விளக்கம் காதுக்கு உடனே இசைந்துவிடுகிறது. ஆனால் சொல்லின் வரலாறும் அதற்கு இடம் தரவில்லை, வேதியியலும் இடம் தரவில்லை.

படிகம், வடமொழி ஸ்படிகத்தின் தமிழ் வடிவம். ஸ்படிகம் பாலி மொழியில் பளிக என்று திரிந்தது. நம் பளிங்கும் அந்தக் கிளையைச் சேர்ந்ததாகவே தெரிகிறது. பளபள, பளிச்சு என்ற தமிழ்ச் சொற்களிலிருந்தே பளிங்கு பிறந்திருக்கலாமே என்பார்கள். ஒளிப்பொருள் பொருந்துவது உண்மைதான்; அந்த ஒலியுறவு சொல்லை இங்கே வேரூன்றச் செய்திருக்கவும் கூடும். எந்த வழியில் வந்திருந்தாலும், பழைய நூல்களில் இது குறிப்பது தெளிந்த கல்லை. குறள் 706இல் பளிங்கு தன்னை அடுத்த பொருளைக் காட்டுவது. மணிமேகலையின் நான்காம் காதையில் பளிக்கறைக்குள் இருப்பவளின் உருவம் வெளியே தெரிகிறது. சவரம் செய்தபின் முகத்தில் தேய்க்கும் படிகாரத்தின் பெயரிலும் இருப்பது அந்தக் கல்தான். வடமொழியில் அதற்கு ஸ்படிகாரி. இந்த வரிசையில் வண்டலை நினைவூட்டும் பயன்பாடு ஒன்றுகூட இல்லை.

தெளிவே பொருளென்றால் ஒளிபுகாத பொருளையும் இன்று படிகம் என்பது ஏன்? 1912இல் மாக்ஸ் ஃபான் லாவேயின் யோசனைப்படி எக்ஸ் கதிர்களைப் படிகத்தினூடே செலுத்தியபோது, உள்ளே அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பது உறுதியானது. அதன்பின் அந்த ஒழுங்கே படிகத்துக்கு இலக்கணம். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உருட்டப்படும் இரும்புக் கம்பி நுண்படிகங்களின் திரள். ஜன்னல் கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் படிகமல்ல.

இங்கேதான் படிதல் என்ற விளக்கம் மாணவரைத் திசைதிருப்புகிறது. மயில்துத்தக் கரைசலில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றினால் வெளிர்நீலக் கூழ் உடனே இறங்கும். அதற்கு வீழ்படிவு என்ற மிகச் சரியான பெயர் உண்டு. அவசரத்தில் விழும் அந்தத் துகள்களுக்குப் பெரிய அடுக்காகச் சேர நேரமில்லை. படிகத்துக்கோ தெவிட்டிய கரைசலும் மெல்ல ஆறுவதும் ஒட்டிக்கொள்ள ஒரு வித்தும் வேண்டும். நூலில் தொங்குவது பாத்திரத்தின் அடியைத் தொடுவதே இல்லை. மயில்துத்தம் தன் அடுக்கில் தண்ணீரையும் சேர்த்துக்கொள்கிறது, ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து நீர் மூலக்கூறு என்ற கணக்கில். சூடாக்கி அந்த நீரை விரட்டினால் நீலம் வெளுத்துப் பொடியாகிவிடும். ஒரு சொட்டு நீர் விட்டால் நிறம் திரும்பும்.

பொருத்தமான வினைச்சொல் திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையிலேயே இருக்கிறது. அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களில் உப்பு விளைகிறது. சங்கப் பாடலிலேயே உப்பு விளையுமிடத்துக்குக் கழனி என்று பெயர். உப்புநீர் பாத்தி மாறி மாறி வெயிலில் அடர்ந்து, கரைசலின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவில் ஏறத்தாழ 25 பாகையை எட்டிய பிறகே உப்பு கட்டத் தொடங்கும். ஜிப்சத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே பிரிந்துவிடும். உப்பும் பாத்தியின் அடியில்தானே கிடக்கிறது என்று கேட்கலாம். கிடக்கும் இடம் வேறு, உருவாகும் விதம் வேறு. உயிரில்லாத பொருளுக்கு விளைதல் பொருந்துமா என்பது இதைவிட வலுவான கேள்வி. செடி உள்ளிருந்து வளர்கிறது. படிகம் வெளிமுகத்தில் அடுக்குமேல் அடுக்காகப் பெருக்கிறது. அதை ஆசிரியர் சொல்லியே ஆகவேண்டும். ஆயினும் வித்தும் பக்குவமும் காத்திருப்பும் இரண்டுக்கும் பொது. காலம் தப்பிய மழை உப்பளத்தின் விளைச்சலையும் அழிக்கும். மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் மயில்துத்தச் சோதனையைச் செய்துகாட்டும் ஆசிரியர்கள், பாடநூலின் படிகமாக்கலோடு உப்பளத்தின் விளைச்சலையும் சேர்த்துச் சொன்னால், வீழ்படிவையும் படிகத்தையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.