ஃபமிலியா தாத்தாவும் நாலு சக்கரமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன மாசம் ஒண்ணு நடந்தது, அதான் இனி தள்ளிப் போட முடியாதுன்னு உட்கார்ந்துட்டேன்.

நான் இருக்கிறது ஹிரோஷிமா நகரத்துல இல்லை. அதுக்குக் கிழக்கே, ரயிலில் ஒரு முக்கால் மணி நேரம் தள்ளி, சாய்ஜோ. நம்ம பல்கலைக்கழகம் இங்கேதான். ஹிரோஷிமான்னா கடலோரம், குளிர் அவ்வளவா இருக்காதுன்னு நம்பி வந்து ஏமாந்தவன் நான். சாய்ஜோ ஒரு மேட்டு நிலம். ஜனவரி காலையில சைக்கிள் சீட்டுல உறைபனி உட்கார்ந்திருக்கும். இன்னும் வடக்கே மலைப்பக்கம் போனா பனிச்சறுக்கே நடக்கும்.

என் அறைக்கு எதிர்வீட்டுல ஒரு தாத்தா. வயசு 75. அவர் வீட்டு வாசல்ல ஒரு சின்ன சிவப்புக் கார், பொட்டி மாதிரி, மூணு கதவு. பின்பக்கம் 'ஃபமிலியா'ன்னு எழுத்து, அதுக்குப் பக்கத்துல '4WD'. நம்ம பசங்க யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. நானும் பார்த்ததில்லை, ஒரு நாள் உறைஞ்சு கிடந்த மேட்டுல மத்த வண்டியெல்லாம் வழுக்கிக்கிட்டிருந்தப்ப இது மட்டும் சர்ருன்னு ஏறிப் போற வரைக்கும்!

அப்புறம்தான் கதை கேட்க ஆரம்பிச்சேன். இனி வரலாறு.

மாஸ்டான்னா நம்ம ஊர்ல ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான் ஞாபகம் வரும். கல்யாணத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போவாங்களே, அதேதான். அந்தப் பேர் ஜப்பான்காரங்க வாயில 'மட்சுதா'. நிறுவனர் பேர் ஜூஜிரோ மட்சுதா. அதையே பாரசீகக் கடவுள் அஹுர மஸ்தாவோட பேரோட இணைச்சு மாஸ்டான்னு வெச்சாங்க. கம்பெனியோட பேர் 1984 வரைக்கும் டோயோ கோக்யோ. சாய்ஜோவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு ரயில்ல போனா, முகாய்நாதா ஸ்டேஷன் பக்கத்துலதான் தலைமை அலுவலகமும் தொழிற்சாலையும்.

1945 ஆகஸ்ட் 6. அந்தத் தேதிதான் மட்சுதாவோட பிறந்தநாள், 70 வயசு. குண்டு விழுந்த இடத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவுல சுமார் 5 கிலோமீட்டர். குறுக்கே ஹிஜியாமான்னு ஒரு சின்னக் குன்று. அந்தக் குன்றுதான் மறைச்சது. கட்டடங்கள் தப்பிச்சது, மட்சுதாவும் தப்பிச்சார். நகரத்துல வேற கட்டடம் இல்லாததால மாகாண அரசாங்க அலுவலகமே கொஞ்ச காலம் இங்கே வந்து உட்கார்ந்தது. டிசம்பர்லயே மூணு சக்கர லாரி தயாரிப்பு திரும்ப ஆரம்பிச்சாச்சு. நாலே மாசம்! எதிர்வீட்டுத் தாத்தாவோட அப்பா அந்த லாரி பிரிவுல வேலை பார்த்தவர். மகனும் அப்பா வழியில அங்கேயே சேர்ந்தார், கியர் வெட்டுற பிரிவுல.

1960கள்ல இந்தக் கம்பெனி தன் மானத்தையே ஒரு விஷயத்துல பணயம் வெச்சது. அதுதான் ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் மேலும் கீழும் போகாம, முக்கோண மாதிரி ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும். அழகான பொருள். ஆனா பெட்ரோலை மடக்கு மடக்குன்னு குடிக்கும். 1973-ல அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினதும், அமெரிக்காவுல விற்பனை படுத்துருச்சு. கம்பெனி திவால் வாசல்ல. சுமிடோமோ வங்கி உள்ளே வந்து கணக்கைக் கையில எடுத்தது. நிறுவனரோட பேரன் கோஹெய் மட்சுதா 1977-ல தலைவர் பதவியை விட்டு இறங்கினார். 1979-ல ஃபோர்டு கால்வாசிப் பங்கை வாங்கினது.

ஆளைக் குறைக்கணும். ஆனா ஊரே அந்தத் தொழிற்சாலையை நம்பி இருக்கு. அதனால ஒரு வழி பண்ணினாங்க. தொழிற்சாலை ஆட்களை ஆயிரக்கணக்குல நாடு முழுக்க இருந்த ஷோரூம்களுக்கு அனுப்பினாங்க, கார் விக்க. லேத் மிஷின் முன்னாடி நின்னவனெல்லாம் டை கட்டிக்கிட்டு வீடு வீடா கதவைத் தட்டினான். நம்ம தாத்தாவும் அதுல ஒருத்தர். டோக்கியோ பக்கம் ரெண்டு வருஷம்.

"எனக்குக் கியர் பத்தி ரெண்டு மணி நேரம் பேச வரும். வணக்கம்மா, கார் வேணுமான்னு கேட்க வராது" அப்படின்னார். முதல் மூணு மாசத்துல ஒரே ஒரு வண்டி வித்தாராம். அதுவும் சொந்தக்காரருக்கு!

இந்த நிலைமையிலதான் 1980-ல புது ஃபமிலியா வந்தது. முன்சக்கர இழுவை, குறுக்குவாட்டு எஞ்சின், பின்னாடி தூக்குற கதவு. வெளிநாட்டுல பேர் 323. அமெரிக்காவுல ஜி.எல்.சி., அதாவது 'கிரேட் லிட்டில் கார்'னு தன்னைத்தானே புகழ்ந்துக்கிட்ட பேர் (கொஞ்சம் ஓவர்தான்). ஜப்பான்ல முதன்முதலா குடுத்த 'ஆண்டின் சிறந்த கார்' விருது இதுக்குத்தான். இளவட்டங்க பித்துப் பிடிச்சு அலைஞ்சாங்க. கடல் பக்கமே போகாதவன்கூட சிவப்பு ஃபமிலியா கூரையில அலைச்சறுக்குப் பலகையைக் கட்டிக்கிட்டு நகரத்துக்குள்ள சுத்துவான். அப்படிப்பட்டவங்களுக்கு 'ஓகா சர்ஃபர்'னு பட்டப்பேர். நம்ம மொழியில 'தரைச் சறுக்கர்'னு வெச்சுக்கலாமா? 27 மாசத்துல பத்து லட்சம் வண்டி தயாரிச்சாங்க. ரோட்டரியால சாகக் கிடந்த கம்பெனியை ஒரு சாதா குடும்ப வண்டி எழுப்பி உட்கார வெச்சது. தாத்தா அதுக்குள்ள கியர் பிரிவுக்கே திரும்பிட்டார்.

அடுத்த ஃபமிலியா 1985 ஜனவரியில. அதே வருஷம் அக்டோபர்லதான் நம்ம கதாநாயகன் வந்தது: 1.6 லிட்டர், டர்போ, 140 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் எப்பவும் இழுவை. ஜப்பானிய பயணிகள் கார்ல முழுநேர ஃபோர் வீல் டிரைவ் இதுதான் முதல்.

'முழுநேர'ங்கிற வார்த்தையிலதான் விஷயமே இருக்கு. சுபாரு லியோன் 1972-லயே நாலு சக்கர இழுவையோட வந்தாச்சு. ஆனா அது பகுதி நேரம். பனியில மட்டும் போட்டுக்கணும், காய்ஞ்ச ரோட்டுல எடுத்துடணும். ஏன்? நம்ம ஊர் தேர் மாட வீதி மூலையில திரும்புறதைப் பார்த்திருப்பீங்க. எல்லாச் சக்கரமும் ஒரே போக்குல போகணும்னு அடம் பிடிக்கும், கல்லுல உரசி முனகும், முட்டுக்கட்டை போட்டு இழுத்துத் திருப்பணும். முன்னச்சையும் பின்னச்சையும் இறுக்கிக் கட்டின காரும் திருப்பத்துல அப்படித்தான். முன்சக்கரம் பெரிய வட்டம் போடும், பின்சக்கரம் சின்ன வட்டம். ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தினா டயர் தேயும், வண்டி திணறும். இதுக்கு மருந்து நடுவுல ஒரு டிஃபரன்ஷியல். முன்னுக்கும் பின்னுக்கும் வேக வித்தியாசத்தை அது விட்டுக்குடுக்கும். ஆனா அதுலயும் ஒரு சிக்கல். ஒரு சக்கரம் பனிக்கட்டியில சும்மா சுத்தினா சக்தியெல்லாம் அங்கேயே ஓடிடும். அதனால ஒரு பூட்டு. சுவிட்சைத் தட்டினா முன்னும் பின்னும் சேர்ந்துக்கும்.

ஐரோப்பாவுல 1980-ல ஆடி குவாட்ரோ இதைக் காட்டியாச்சு. ஆனா அது பணக்காரன் வண்டி. ஃபமிலியா பால்காரனும் வாத்தியாரும் ஓட்டுற வண்டி.

அப்புறம் ஒரு விபத்து இந்தச் சின்ன வண்டியை உலகப் போட்டிக்குள்ள தள்ளினது. அப்ப ராலியில 'குரூப் பி' ராட்சசங்க ஓடிக்கிட்டிருந்தது. 1986-ல போர்ச்சுகல்ல ஒரு கார் கூட்டத்துக்குள்ள பாய்ஞ்சு பார்வையாளர்கள் செத்தாங்க. மே மாசம் கோர்சிகாவுல ஹென்றி டொய்வோனனும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் எரிஞ்சு போனாங்க. அதோட குரூப் பி-க்குத் தடை. 1987-ல இருந்து, கடையில ஆயிரக்கணக்குல விக்கிற வண்டியை வெச்சுத்தான் போட்டி. நாலு சக்கர இழுவையும் டர்போவும் உள்ள சின்னக் குடும்ப வண்டி அந்த நேரத்துல யார்கிட்ட இருந்தது? இத்தாலியில லான்சியா டெல்டா. ஹிரோஷிமாவுல இது.

1987 பிப்ரவரி, ஸ்வீடன். உறைஞ்ச காட்டுப் பாதை. ஓட்டினவர் டிமோ சலோனன், 1985 உலக சாம்பியன், கண்ணாடி போட்ட, ஓயாம சிகரெட் பிடிக்கிற மனுஷன். பார்த்தா ஏதோ பேங்க் கேஷியர் மாதிரி இருப்பார். லான்சியாவோட 2 லிட்டரை 1.6-ஐ வெச்சு ஜெயிச்சார். பனியில குதிரைத்திறனை விட பிடிமானம்தான் பேசும். 1989-ல இங்வார் கார்ல்சன் அதே ஸ்வீடன்லயும், அடுத்து நியூசிலாந்துலயும் ஜெயிச்சார். அவ்வளவுதான், மொத்தம் மூணு. காய்ஞ்ச ரோட்டுல சக்தி பத்தலை, ராலிக்குன்னு ஏத்தின முறுக்கத்தைக் குடும்ப கியர்பாக்ஸ் தாங்கலை, அடிக்கடி உடைஞ்சது. 87-ல இருந்து 92 வரை தயாரிப்பாளர் பட்டமெல்லாம் லான்சியாவுக்கே.

இந்தக் கியர்பாக்ஸ் விஷயத்தை நான் வாய் தவறித் தாத்தாகிட்ட சொல்லிட்டேன். ரொம்ப நேரம் பேசலை. தேநீரைக் குடிச்சு முடிச்சுட்டு, "அது பிள்ளைங்களை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குப் பண்ணினது" அப்படின்னார். அவர் சொன்னதுதான் சரின்னு எனக்குப் படுது. பத்திரிகைக்காரங்க மூணு கோப்பையை எண்ணுவாங்க. ஆனா இந்த வண்டி யாருக்காகச் செஞ்சதோ அவங்க யாரும் கோப்பைக்காக ஓட்டலை.

மிச்சத்தை வேகமாச் சொல்லிடறேன். 1989-ல அடுத்த தலைமுறை, 1992-ல 1.8 லிட்டர் 210 குதிரைத்திறனோட ஜி.டி.-ஆர். அதுக்குள்ள ஜப்பானோட பணக் குமிழி வெடிச்சு, கம்பெனி உலக ராலியிலிருந்து ஒதுங்கியாச்சு. 1996-ல ஃபோர்டு பங்கு மூணுல ஒண்ணாச்சு. 2003-ல அக்ஸேலா வந்து ஃபமிலியாவோட இடத்தை எடுத்துக்கிச்சு. பழைய வண்டிங்க என்னாச்சு? இங்கே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 'ஷாகென்' பரிசோதனை. 13 வருஷம் தாண்டினா வரியும் ஏறும். அதனால பழசானதைக் கப்பலேத்திடுவாங்க, இல்லேன்னா நசுக்கிடுவாங்க. இலங்கை நண்பர்களுக்கு ஃபமிலியான்னா நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

தாத்தா 1986-ல வாங்கினவர் நசுக்கவிடலை. போன மாசம்தான் போலீஸ் ஸ்டேஷன் போய் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டார். வயசானவங்க இங்கே அப்படித் தானாவே குடுப்பாங்க. மக ரொம்ப நாளா கெஞ்சிக்கிட்டிருந்தா. காரை வாங்க நீகாத்தாவிலிருந்து ஒரு பையன் லாரி எடுத்துக்கிட்டு வந்தான். என் வயசுதான் இருக்கும், வண்டி அவனை விட மூத்தது. விலை என்னன்னு நான் கேட்கலை.

லாரியில ஏத்தினப்புறம் தாத்தா கண்ணாடியை இறக்கச் சொல்லி, உள்ளே கையை விட்டு அந்தப் பூட்டு சுவிட்சைக் காட்டினார். "காய்ஞ்ச ரோட்டுல இதைத் தொடாதே" அப்படின்னார். பையன் தலையாட்டினான். லாரி தெருமுனை திரும்புறதுக்குள்ள இன்னொரு தடவை கத்தினார், காய்ஞ்ச ரோட்டுலன்னு.