கொடைக்கானல் ஏரியும் எங்கூர்க் கண்மாயும்

"எந்த ஊரு?"ன்னு யாராச்சும் கேட்டு, நான் வத்தலக்குண்டுன்னு சொன்னா, அடுத்த கேள்வி ரெடியா இருக்கும். "ஓ, கொடைக்கானல் போற வழியில வருமே, அதுவா?" அதேதான் சாமி. சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர், 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதின ராஜமய்யர் ஊர்னு எவ்வளவு சொன்னாலும் நாங்க எப்பவும் 'போற வழி'தான் :-)

மேலே இருக்குற ஏரியை எல்லாருக்கும் தெரியும். 1863-ல, மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் துரை ஓடைகளை மறிச்சுக் கரை போட்டு உண்டாக்கினது. அதைச் சுத்தி பங்களா வந்துச்சு, படகு வந்துச்சு, இப்ப மிளகாய் பஜ்ஜியும் வந்தாச்சு. நான் சொல்ல வந்தது கீழே, தாத்தா ஊர்ல இருக்குற கண்மாயைப் பத்தி.

கண்மாய்க்குன்னு ஒரு காலண்டர் இருந்துச்சு. சித்திரை, வைகாசியில தண்ணி வத்தினதும் மீன் பிடிப்பாங்க. அப்புறம் வண்டலை வெட்டி வயலுக்கு அடிப்பாங்க. கண்மாய்க்கு ஆழம், வயலுக்கு எரு. ஆடி, ஆவணியில வரத்துக்கால் செதுக்கணும். புரட்டாசிக்குள்ள கரையில எலி வளை, நண்டு வளையெல்லாம் அடைக்கணும். ஐப்பசி மழை இறங்கிட்டா ராத்திரி கரைக்காவல். மடையைத் திறக்குறதும் அடைக்குறதும் நீர்பாய்ச்சி பொறுப்பு. அவருக்குக் கூலி களத்துல நெல்லா அளப்பாங்க.

இதுக்குப் பேர்தான் குடிமராமத்து. மண் வேலை குடிகளோடது. மடை, கலுங்கு மாதிரி கட்டு வேலை அரசாங்கத்தோடது. ஊர் கூடி நீரைப் பாத்துக்குற பழக்கம் இன்னும் பழசு. உத்திரமேரூர்ல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்குக் குடவோலை போட்டு ஆள் எடுத்ததைச் சொல்லுது. வருஷம் 919, 921.

அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். வரியை ஒவ்வொரு விவசாயிகிட்டேயும் நேரா வாங்க ஆரம்பிச்சதும், ஊருக்குப் பொதுவா இருந்த அதிகாரமும் பொதுப்பணமும் கரைஞ்சு போச்சு. வேலைக்கு ஆள் வரலை. உடனே சட்டம் போட்டாங்க: 1858-ஆம் வருஷத்து மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடையுற ஆபத்து வந்தா, உழைக்கிற சாதி ஆம்பளைங்களை வேலைக்குக் கூப்பிடலாம், வரலைன்னா தண்டனை. பழக்கமா செய்யவேண்டிய மராமத்து வேலைக்கு வராதவன், அந்த வேலையோட மதிப்புல ரெண்டு மடங்கு கட்டணும். ஆனா சட்டம் போட்டா ஊர் கூடிடுமா?

கடைசி அடி பம்புசெட். சொந்தக் கிணறு வந்துட்டவனுக்குக் கண்மாய் எதுக்கு? அந்தக் கிணத்துல ஊறுறதே கண்மாய்த் தண்ணிதான்னு கிணறு வத்தினப்புறம்தான் புரிஞ்சுது. அதுக்குள்ள சீமைக்கருவேல் உள்ளே புகுந்து உக்காந்துடுச்சு.

இத்தனை நாளா இந்தக் கதையை நான் பெருமையா முடிப்பேன். "எங்க தாத்தா காலத்துல ஊரே சேர்ந்து கண்மாயை வெட்டினாங்க." ரெண்டு வருஷம் முன்னாடி கரையில உக்காந்து இதையே ஒரு பெரியவர்கிட்ட சொன்னேன். அவங்க அப்பா அங்கே நீர்பாய்ச்சியா இருந்தவர். பொறுமையா கேட்டுட்டுச் சொன்னார்:

"வெட்டுனது நெசந்தான் தம்பி. ஒங்க தாத்தா கொடை பிடிச்சுக் கரை மேல நிப்பாரு. மண்ணு சுமந்தது நாங்க. அந்த வண்டலு போட எங்களுக்கு ஒரு குழி நெலம் கெடையாது."

எனக்குப் பதில் வரலை. 'உழைக்கிற சாதி'ன்னு அந்தச் சட்டத்துல படிச்சப்ப அது யாருன்னு நான் யோசிக்கவே இல்லை. தண்ணி பொதுவா இருந்துச்சு, சரி. உழைப்பு பொதுவா இருந்துச்சான்னு கேக்காம 'அந்தக் காலம் பொற்காலம்'னு எழுதிட்டு இருந்திருக்கேன்.

அதுக்காகக் குடிமராமத்தே வேண்டாம்னு சொல்ல வரலை. 2017-ல தமிழக அரசு அதே பேர்ல திட்டம் கொண்டு வந்துச்சு. செலவுல பத்துல ஒரு பங்கு விவசாயிகளோடது, காசாவோ உழைப்பாவோ தரலாம்னு வச்சாங்க. நல்ல யோசனைதான். ஆனா அந்த உழைப்புப் பங்கை யார் முதுகு சுமக்குதுங்குற கேள்வி மட்டும் 1858-லேருந்து மாறலை.

போன புரட்டாசியில வரத்துக்கால் செதுக்க ஊர்க்காரங்க சிலர் கிளம்பினாங்க. நானும் மம்பட்டியோட போனேன். அரை மணி நேரத்துல உள்ளங்கை கொப்பளிச்சுடுச்சு. பெரியவர் சிரிச்சுட்டே, "கொடை கொண்டாரலையா தம்பி?"ன்னார்.

கொண்டு போகலை. அதுமட்டும்தான் இப்போதைக்கு என்னால சொல்ல முடியுறது.

உங்க ஊர்க் கண்மாய் எப்படி இருக்கு? மண்ணு சுமந்தது யாருன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கேட்டதை வந்து சொல்லுங்க.